பட்டியலில் பேர் இருக்கு, திரையில் எழுத்தைக் காணோம்: டிகேஇன்டரில் தமிழ் ஃபான்ட் தேடுவது

2024 ஜூன் 6, மார்த்தாண்டம் வாசகர் கேட்டது

அண்ணே, தேன் பாட்டிலுக்கு லேபிள் அடிக்கிற ஒரு கடைக்காகப் பைத்தானில் டிகேஇன்டர் (ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைகிற நூலகம்) வைத்துச் சின்னதாக ஒரு கருவி எழுதுகிறேன். கடையில் நிற்கிற பையன் ஃபான்ட் தேர்ந்தெடுக்க ஒரு காம்போபாக்ஸ் (அமுக்கினால் விரிகிற பட்டி) வேண்டும். 'ஃபேமிலீஸ்' என்ற கட்டளையால் கேட்டால் கணினியில் உள்ளதெல்லாம் வந்து குவிகிறது, சில பெயர்களுக்கு முன்னால் @ குறி வேறு. பெயரில் 'தமிழ்' என்று இருப்பதை மட்டும் வடிகட்டி எடுத்தால் போதும்தானே?

ஜூன் 6, இரவு

போதாது தம்பி. விண்டோஸில் வருகிற தமிழ் ஃபான்ட்களின் பேரை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் 2000 காலத்தில் வந்தது லதா. விண்டோஸ் 7-இல் விஜயா. விண்டோஸ் 8-இல் நிர்மலா யூஐ. மூன்றிலும் 'தமிழ்' என்ற சொல்லே கிடையாது. கூடவே கார்த்திகா (மலையாளம்), கௌதமி (தெலுங்கு), துங்கா (கன்னடம்), ஸ்ருதி (குஜராத்தி), விருந்தா (வங்காளம்). பெண்கள் பள்ளி வருகைப் பதிவேடு போல இருக்கும் பட்டியல். யார் எந்த மொழி என்று பேரை வைத்து எப்படிச் சொல்வது?

கூகுளில் இருந்து இறக்குகிற ஃபான்ட்களும் அப்படித்தான். ஹிந்த் மதுரை, முக்தா மலர், பவனம், கவிவனார், கேட்டமரன், மீரா இனிமை எல்லாமே நல்ல தமிழ் ஃபான்ட்கள். உங்கள் வடிகட்டியில் ஒன்றுகூடத் தேறாது.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று ஒன்று இருக்கிறது. பேரில் தமிழ் இருக்கிறது, உங்கள் வடிகட்டி அதை அள்ளிக்கொண்டு வரும். ஆனால் அது பழைய பின்னக் குறிகளுக்கும் கணக்குக் குறிகளுக்குமாகச் செய்தது. பையன் அதைத் தேர்ந்தெடுத்து 'மலைத்தேன்' என்று அடித்தால் திரையில் வருவது வேறு ஏதாவது ஃபான்ட் கடன் கொடுத்த எழுத்து.

@ குறி பற்றி: சீனம், ஜப்பானியம், கொரியம் எழுதுகிற ஃபான்ட்களுக்கு விண்டோஸ் வைக்கிற இரண்டாவது பேர் அது. மேலிருந்து கீழாக எழுதும்போது எழுத்தைத் திருப்பிப் போட. லேபிளுக்குத் தேவையில்லை. @ இல் தொடங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிவிடலாம்.

ஜூன் 7

இன்னும் இரண்டு சங்கதி. ஜன்னல் திறப்பதற்கு முன்னால் ஃபேமிலீஸைக் கேட்டால் பிழை வரும். பைத்தான் 3.10-க்குப் பிறகு 'ரொம்ப சீக்கிரம் கேட்கிறாய், இன்னும் ஜன்னலே இல்லை' என்கிற பொருளில் ஒழுங்காகச் சொல்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் சம்பந்தமில்லாத ஒரு பிழைச் செய்தி வந்து ஆளைச் சுற்றவிடும். முதலில் ரூட் ஜன்னல் (நிரலின் முதல் ஜன்னல்), அப்புறம்தான் ஃபான்ட்.

வருகிற பட்டியலுக்கு அகரவரிசை கிடையாது, சில இடங்களில் ஒரே பேர் இருமுறை வரும். செட்டில் போட்டு, சார்ட் பண்ணிவிட்டுக் காட்டுங்கள்.

ஜூன் 7, சாயங்காலம்

தம்பி ஒரு பிழைச் செய்தியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "முழு எண் எதிர்பார்த்தேன், வந்தது யூஐ" என்று டிகே (டிகேஇன்டருக்கு உள்ளே இருந்து வேலை செய்கிற கருவி) புலம்புகிறது. எல்லாரும் ஒரு தடவை மிதிக்கிற முள்தான் இது. 'நிர்மலா யூஐ 14' என்று ஒரே சரமாகக் கொடுத்தால், டிகே இடைவெளியை வைத்துப் பிரித்துவிடும். நிர்மலா என்பது குடும்பப் பேர், அடுத்து வருவது அளவு என்று எடுத்துக்கொண்டு 'யூஐ' என்பதை எண்ணாக்கப் பார்க்கும். பேரை நெளிவு அடைப்புக்குள் போடுங்கள், அல்லது பேரையும் அளவையும் டூப்பிளாக (வளைவு அடைப்புக்குள் காற்புள்ளி போட்டுத் தனித்தனியாக) கொடுங்கள். நான் எப்போதும் டூப்பிள்தான்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டல் எண் கொடுத்தால் பாயின்ட், கழித்தல் எண் கொடுத்தால் பிக்சல். திரையில் ஒரு பெட்டிக்குள் எழுத்து கச்சிதமாக அடங்க வேண்டும் என்றால் கழித்தல் எண் நல்லது. இல்லையென்றால் பெரிய திரை உள்ள கணினியில் 'மார்த்தாண்டம்' பெட்டிக்கு வெளியே நிற்கும்.

ஜூன் 9

இதுதான் முக்கியமான குறிப்பு, மற்றதை விட்டாலும் இதைப் படியுங்கள்.

இல்லாத ஃபான்டின் பேரைக் கொடுத்தால் டிகே பிழை சொல்லாது. 'குளச்சல் மீன்குழம்பு' என்று பேர் கொடுத்துப் பாருங்கள், சத்தமே போடாமல் கையில் இருக்கிற ஏதோ ஒரு ஃபான்டை எடுத்து எழுதிக் காட்டும். ஒரு எழுத்தைத் தட்டச்சில் விட்டுவிட்டாலும் இதே கதைதான். திரையில் தமிழ் தெரிகிறதே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

நாம் கேட்டதுதான் கிடைத்ததா என்று பார்க்க 'ஆக்சுவல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபான்ட் பொருளிடம் அதைக் கேட்டால், கடைசியில் கையில் விழுந்த குடும்பம், அளவு, தடிமன் எல்லாம் சொல்லும். ஆனால் தமிழுக்கு இது மட்டும் பற்றாது. ஏரியல் கேட்டால் ஏரியல் கிடைத்தது என்றுதான் சொல்லும். ஏரியலில் தமிழ் எழுத்து உண்டா என்பது வேறு கேள்வி.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. டிகேவின் உள்ளே இருக்கிற டிக்கிள் மொழியில் 'ஃபான்ட் ஆக்சுவல்' கட்டளையின் கடைசியில், இரண்டு சிறுகோடு போட்டு, ஒரே ஒரு எழுத்தைக் கொடுக்கலாம். அந்த எழுத்தை உண்மையில் எந்த ஃபான்ட் வரைகிறது என்று பதில் வரும். பைத்தானில் உள்ள 'ஆக்சுவல்' இந்த வசதியைத் தரவில்லை. ஆகவே ரூட் ஜன்னலின் 'டிகே கால்' வழியாக நேராகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'க' என்ற எழுத்தைக் கொடுங்கள். கேட்ட பேரே திரும்பி வந்தால் அதில் 'க' இருக்கிறது. வேறு பேர் வந்தால் கடன் வாங்கியிருக்கிறது, பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

'க' ஒன்றைப் பார்த்தால் போதுமா என்று கேட்டால், லேபிளுக்குப் போதும். கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும் என்றால் 'ழ', 'ஷ' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஶ', தமிழ்ச் சுழி '௦' இரண்டும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கிற பொதுத் தரம்) 2005-இல்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஃபான்ட்களில் அவை இருக்காது. அதற்காக ஒரு நல்ல ஃபான்டைத் தள்ள வேண்டாம்.

ஜூன் 10

குழித்துறை நண்பர் ஒருவர் எழுதுகிறார்: "நான் பேர் 'மீரா' என்று தொடங்குவதை எடுத்தேன். கல்யாணக் கார்டில் தமிழ்ப் பக்கம் வேறு எதிலோ வந்தது, மலையாளப் பக்கம் மட்டும் அழகாக வந்தது."

வரும். மீரா மலையாள ஃபான்ட். மீரா இனிமை தமிழ் ஃபான்ட். இரண்டுமே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவில் இருந்து வந்தவை. பட்டியலில் அக்கம்பக்கத்தில் நிற்கும். நம் ஊரில் பெண் எடுப்பது பாறசாலையில், மாப்பிள்ளை களியக்காவிளையில் என்று பாதிக் கார்டு இரண்டு மொழியில்தான் போகிறது, ஆகவே இரண்டு ஃபான்டும் எல்லா அச்சுக் கடைக் கணினியிலும் இருக்கும். பேரின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தாதீர்கள், முழுப் பேரையும் ஒப்பிடுங்கள். மலையாளத்துக்குத் தனிப் பட்டி வேண்டும் என்றால் மேலே சொன்ன சோதனையை 'க'வுக்குப் பதில் மலையாள எழுத்தை வைத்துச் செய்தால் முடிந்தது. யூனிகோடில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை, மலையாளத்தின் இடம் 3328 முதல் 3455 வரை. எண்ணாகக் கொடுத்தாலும் வேலை நடக்கும்.

ஜூன் 12

'க' சோதனையைக் கொண்டாடிவிட்டுப் போனேன், இப்போது அதிலேயே ஒரு யோசனை ஓடுகிறது. தம்பி கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார். "நான் தினமும் வேலை செய்கிற ஃபான்ட் ஒன்றுமே இதில் இல்லையே" என்றாராம் அவர்.

நியாயமான பேச்சு. டிடிபி கடைகளில் இன்றைக்கும் ஓடுவது யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள். பாமினி, வானவில் அவ்வையார், டிஏஎம், டிஏபி என்று தொடங்குகிற கூட்டம், டிஸ்கி ஃபான்ட்கள். இவற்றில் பாமினி வகையறா ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருக்கும். பாமினியில் 'அம்' என்று வர வேண்டும் என்றால் கோப்பில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். ஆகவே 'க' இருக்கிறதா என்று கேட்டால் 'இல்லை' என்று உண்மையைச் சொல்லிவிடும். டிஏபி, டிஏஎம் இரண்டும் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தரங்கள். டிஏபியிலும் டிஸ்கியிலும் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும், தமிழ் 128 என்ற எண்ணுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். எந்த எழுத்து எந்த எண்ணில் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அடுக்கு.

இவற்றைத் தானாகக் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. ஃபான்டுக்குள் 'நான் தமிழ்' என்று சொல்கிற எதையும் செய்தவர்கள் வைக்கவில்லை. கையால் ஒரு பேர்ப் பட்டியல் எழுதி வைப்பதுதான் வழி. பட்டியைக் கடைக்காரருக்கு இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள்: மேலே யூனிகோடு, கீழே பழையது. பழையதைத் தொட்டால், உள்ளே போகிற எழுத்தை அந்த அடுக்குக்கு மாற்றிக் கொடுக்கிற வேலையும் உங்கள் தலையில்தான். அதைச் செய்ய மனமில்லை என்றால் பழையதைக் காட்டவே காட்டாதீர்கள். பேர் மட்டும் இருந்து, தேர்ந்தெடுத்தால் குப்பை வருவதைவிட அது மேல்.

என் சொந்த அபிப்பிராயம்: புதுக் கருவியில் பழைய ஃபான்டுக்கு இடம் கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் கடைக்காரரின் பழைய லேபிள் கோப்புகள் அத்தனையும் பாமினியில் கிடக்கின்றன, அதற்கு நான் என்ன சொல்ல?

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

மேலே சொல்ல விட்டது. பட்டியில் ஒவ்வொரு பேரையும் அந்தந்த ஃபான்டிலேயே எழுதிக் காட்டுவது பார்க்க அழகு. பாமினியில் அதைச் செய்தால் பேரே படிக்க முடியாத தமிழாகிவிடும். கடைப் பையன் என்ன ஃபான்ட் இது என்று கேட்பான். பேரை மெனு ஃபான்டில் எழுதி, பக்கத்தில் 'ஸ்ரீ, ழ, கொ' என்று மாதிரி காட்டுங்கள்.

ஜூன் 15

நேற்று முழுக்க மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதனால் தாமதம்.

கேள்வி: "நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்றைத்தான் நிறுவினேன். பட்டியலில் லைட், மீடியம், செமிபோல்டு என்று தனித்தனிக் குடும்பமாக வருகிறதே. ரெகுலரும் போல்டும் மட்டும் ஒரே பேரில்?"

ஃபான்ட் கோப்புக்குள் பேர்களுக்கென்று ஒரு அட்டவணை இருக்கிறது. 1-ஆம் எண்ணில் குடும்பப் பேர், 2-இல் வகை, 4-இல் முழுப் பேர், 6-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் பேர். விண்டோஸ் திரையில் வரைகிற பழைய ஜிடிஐ முறையில் ஒரு குடும்பத்துக்கு நாலே பேர்தான்: சாதா, தடி, சாய்வு, தடிச்சாய்வு. மீடியம், லைட் மாதிரி அதில் அடங்காதவை 1-ஆம் எண்ணில் தனிக் குடும்பமாக வேஷம் போட வேண்டும். உண்மையான குடும்பப் பேர் 16-ஆம் எண்ணில் இருக்கும், வகை 17-இல். டிகே விண்டோஸில் ஜிடிஐ வழியே போகிறது, ஆகவே 1-ஆம் எண்ணைக் காட்டுகிறது. புதிய முறையைப் பின்பற்றுகிற மென்பொருள்களில் இதே ஃபான்ட் ஒரே குடும்பமாக வரும்.

இன்னொன்று, ஜிடிஐயில் பேருக்கு 31 எழுத்துதான் இடம். நீளமான பேர் வைத்த ஃபான்ட்கள் அங்கே மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 16

இது என் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் ஒரு அச்சகத்துக்கு இதே மாதிரி கருவி எழுதிக் கொடுத்தேன். முதலாளி உட்கார்ந்தால் எல்லா ஃபான்டும் வரும், வேலைக்கு வருகிற பெண் தன் கணக்கில் நுழைந்தால் பாதி காணாமல் போகும். "உங்க புரோகிராம் ஆள் பாத்து வேலை செய்யுது" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

காரணம் இது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இருந்து, ஃபான்ட் கோப்பைத் திறந்து 'இன்ஸ்டால்' என்று அமுக்கினால் அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான் நிறுவுகிறது. வலது சொடுக்கி 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பழைய முறையில் எல்லாருக்கும் பொதுவான கோப்புறையில் விழும். முதலாளி எல்லாவற்றையும் தன் கணக்கில் போட்டிருந்தார்.

லதா காணோம் என்று கேட்டவருக்கும் இதோடு பதில்: விண்டோஸ் 10-இல் லதாவையும் விஜயாவையும் விருப்ப அம்சங்களில் 'தமிழ் துணை எழுத்துருக்கள்' என்ற தொகுப்புக்கு நகர்த்திவிட்டார்கள். வேண்டுமென்றால் அங்கிருந்து சேர்க்கலாம். நிர்மலா எப்போதும் இருக்கும்.

இந்த ரோதனை எதுவும் வேண்டாம் என்றால் ஃபான்ட் கோப்பைக் கருவியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். டிகேவுக்கு எல்லா இயங்குதளத்திலும் கோப்பை ஏற்றுகிற சொந்த வழி கிடையாது. விண்டோஸில் சிடைப்ஸ் (பைத்தானில் இருந்து விண்டோஸின் உள் கட்டளைகளை அழைக்கிற வழி) மூலம் 'ஆட் ஃபான்ட் ரிசோர்ஸ் எக்ஸ்' என்பதை அழைத்து, கொடியாக 16 கொடுத்தால், அந்த நிரல் ஓடுகிற வரை மட்டும் ஃபான்ட் இருக்கும். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். அச்சகத்துக்கு இப்போது அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். அனுமதி உள்ள ஃபான்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டோ போன்றவற்றைத் தாராளமாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஜூன் 19

'நேம்ஸ்', 'ஃபேமிலீஸ்' இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர். இல்லை. ஃபேமிலீஸ் என்பது கணினியில் உள்ள குடும்பங்கள். நேம்ஸ் என்பது உங்கள் நிரலுக்குள் பேர் சூட்டி வைத்திருக்கிற ஃபான்ட்கள். டிகே டிஃபால்ட் ஃபான்ட், டிகே டெக்ஸ்ட் ஃபான்ட், டிகே ஃபிக்ஸ்ட் ஃபான்ட், டிகே மெனு ஃபான்ட் என்று சில ஏற்கனவே இருக்கும். டிகே டிஃபால்ட் ஃபான்டை 'நேம்டுஃபான்ட்' மூலம் பிடித்து, அதன் குடும்பத்தை மாற்றினால், அந்தப் பேரைச் சார்ந்திருக்கிற பொத்தான், எழுத்துப்பட்டை எல்லாம் ஒரே நேரத்தில் மாறும். லேபிள் கருவிக்கு இதுதான் சரியான வழி. 'தலைப்பு', 'விலை', 'விலாசம்' என்று மூன்று பேர் சூட்டி வைத்துக்கொண்டு, பையன் பட்டியில் எதைத் தேர்ந்தாலும் அந்தப் பேரின் குடும்பத்தை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு விட்ஜெட்டாகத் தேடிப் போக வேண்டாம்.

ஒரு கண்ணி: ஃபான்ட் பொருளை ஏதாவது மாறியில் பிடித்து வையுங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் செய்து அப்படியே விட்டால், பைத்தான் அதைக் குப்பையில் போடும்போது டிகேவிடமும் அந்தப் பேரை அழிக்கச் சொல்லிவிடும்.

ஜூன் 23

லினக்ஸில் ஓட்டிப் பார்த்த தம்பி: "'க' சோதனை சரி, லோகித் தமிழ் வந்தது, ஆனால் 'கொம்புத்தேன்' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது."

ஃபான்டின் மேல் பழி போடாதீர்கள். லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரைகிறது. 'கொ' என்பதில் மெய்க்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு வர வேண்டும். அந்தக் கோக்கிற வேலையை அது செய்வதில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குதளமே கோத்துக் கொடுத்துவிடுகிறது, ஆகவே அங்கே தெரியாது.

லினக்ஸ்தான் வேண்டும் என்றால் டிகேஇன்டரை விட்டுவிட்டு, ஜன்னல் வரைகிற இன்னொரு நூலகமான கியூட்டிக்கு மாறுங்கள். அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நூலகத்தை வைத்துக் கோக்கிறது, கொம்பு ஒழுங்காக நிற்கும். பட்டியலிலும் அதில் ஒரு வசதி: ஃபான்ட் டேட்டாபேஸிடம் எழுத்துமுறையாகத் 'தமிழ்' என்று கொடுத்தால் தமிழ் உள்ளவற்றை மட்டும் தரும். முழுதாக நம்பவும் வேண்டாம். ஃபான்ட் கோப்பில் எந்தெந்த எழுத்துமுறை உண்டு என்று சொல்கிற பிட்கள் உண்டு, தமிழுக்கு 20-ஆவது. செய்தவர் சும்மா பிட்டைப் போட்டு வைத்திருந்தால் கியூட்டியும் ஏமாறலாம்.

ஜூன் 24

தக்கலையில் இருந்து ஒரு பெரியவர், பத்திர எழுத்தராக இருந்தவர், பழைய கணக்கில் வரும் காணி, முந்திரிக் குறிகளைத் திரையில் காட்ட முடியுமா என்கிறார். முடியும் ஐயா. 1/320 முந்திரி, 1/80 காணி, 1/20 மா எல்லாம் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்துவிட்டன. முதல் நாள் நான் கேலி செய்தேனே, அந்த நோட்டோ சப்ளிமென்ட் உங்களுக்குத்தான். இவற்றின் இடம் வழக்கமான தமிழ் எழுத்துகளில் இருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அதனால் டிகேவில் சோதிக்காமல் இறங்க வேண்டாம், கியூட்டி நல்லது.

ஜூன் 30

தம்பியின் கருவி கடையில் ஓடுகிறது. பட்டியில் இப்போது ஆறே ஃபான்ட், எல்லாம் கூடவே கொடுத்த கோப்புகள். கடைக்காரர் அதிலும் ஒன்றைத்தான் தொடுகிறாராம். இவ்வளவு நீளமாகப் பேசினது அந்த ஒன்றுக்காகத்தான் போல!

ஜாவாவில் எப்படி என்று கேட்டவருக்கு: கிராஃபிக்ஸ் என்விரான்மென்டிடம் குடும்பப் பேர்களைக் கேளுங்கள். டயலாக், செரிஃப், சான்ஸ்செரிஃப், மோனோஸ்பேஸ்டு, டயலாக் இன்புட் என்ற ஐந்தும் அந்தப் பட்டியலில் கலந்து வரும். அவை நிஜ ஃபான்ட்கள் அல்ல, ஜாவா வைத்த புனைபேர்கள், விலக்கிவிடுங்கள். மிச்சம் உள்ள ஒவ்வொன்றிடமும் 'கேன் டிஸ்ப்ளே அப்டு' என்பதற்கு ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுங்கள். -1 வந்தால் முழு வாக்கியத்துக்கும் எழுத்து இருக்கிறது. வேறு எண் வந்தால் அந்த இடத்தில் உள்ள எழுத்து அதில் இல்லை.